ஊதாவாகவே நின்ற குழாய்

ஆய்வகத்தில் அந்தச் சோதனைக் குழாய் இன்றும் ஊதாவாகவே இருந்தது. உள்ளே விட்ட பாக்டீரியா சர்க்கரையைத் தின்றால் புளிப்பேறி நீர் மஞ்சளாகும், தின்னாவிட்டால் ஊதா. இதில் ஜோசியம் பார்க்க என்ன இருக்கிறது? தின்னாததை எல்லாம் வெள்ளிக்கிழமை கொதிக்க வைத்துக் கொட்டிவிடுவார்கள்.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். புருஷன் முட்டைக்கோஸை உப்புநீரில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்த ஜாடியிலிருந்து அவள் பிரித்தெடுத்த பாக்டீரியா அது. அவன் செத்த மறுநாள், வந்தவர்கள் வாடைக்கு முகம் சுளிக்கக் கூடாதே என்று நாத்தனார் அந்த ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். நல்லது செய்யப் போய்க் கெட்ட பேர். அன்றிலிருந்து ஒரே வீட்டில் இருந்தும் அண்ணியான இவள் நாத்தனாரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாத்தனாராவது அழுது தீர்த்தாள். இவளுக்கு அழுகைகூட வரவில்லை, எல்லாம் மரத்துக் கிடந்தது. அவன் கைபட்டதில் உயிரோடு மிச்சம் இந்தக் குழாய்தான்.

"அவர் இருக்கும்போது ஜாடித் தண்ணியை அப்படியே இதே சர்க்கரையில விட்டேன் மேடம். நல்லா மஞ்சளாச்சு. 'என் ஆளுங்க சாப்பாட்டுல கெட்டி'ன்னு சிரிச்சாரு."

ஆய்வகத்துக்குப் பொறுப்பான மேடம் குனிந்து குழாயைப் பார்த்தார். "வெங்காயத்துல இருக்கிற மாதிரி நீளச் சங்கிலிச் சர்க்கரை இது. நம்ம வயித்துக்கே செரிக்காது. எல்லா பாக்டீரியாவுக்கும் அதை உடைக்கத் தெரியாதும்மா. ஜாடியில ரெண்டு வகை இருந்திருக்கும். ஒண்ணு உடைச்சுப் போடும், இன்னொண்ணு சிந்தினதைத் தின்னு பொழைக்கும். பிரிக்கும்போது வளர்ப்புத் தட்டுல வேற ஏதாவது முளைச்சுதா?"

முளைத்தது. பெரிய வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே பொடிப்பொடியாய், மங்கலாய்ச் சில. ஒரு குழாயில் ஒன்றுதான் இருக்க வேண்டும், கலந்தால் கெட்டது என்பது இந்தத் தொழிலில் வேதவாக்கு. எங்கிருந்தோ வந்து ஒட்டிய அழுக்கு என்று நினைத்து, பெரியதை மட்டும் குழாய்க்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தட்டோடு கொதிக்க வைத்துக் கொட்டியவள் அவளேதான்.

"போனா போகுது, ஜாடியில இருந்து திரும்ப எடுத்துக்கலாம்," என்றார் மேடம். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

"ஜாடி இல்ல மேடம்." வெள்ளிக்கிழமைக் கூடையில் குழாயை அவளே வைத்தாள்.

சாயங்காலம் வீட்டில் நாத்தனார் தட்டில் சோறு வைத்துவிட்டு, வழக்கம்போல் அடுக்களைப் பக்கம் நகரப் போனாள்.

"ஜாடியை நீ மட்டும் கழுவல," என்றாள் இவள். "பாதியை நான் முன்னாடியே கொட்டிட்டேன். அது தெரியாம உன்னைப் போட்டு வதைச்சுட்டேன்."

நாத்தனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அண்ணி பேசிவிட்டாளே. "சாப்பிடுங்க அண்ணி, ஆறிடும்," என்றாள்.

"நீயும் உக்காரு. தனியா இறங்க மாட்டேங்குது."