மூடி போட்ட டிரம்

ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைத்தபோது, பால் கூடிப்போன டீயின் நிறம் படிந்தது. மோட்டார் ஆயில் தேன் நிறத்தில் இருக்கலாம், உழைத்த எஞ்சின் என்றால் கறுத்தும் போகலாம். பால் நிறம் மட்டும் ஆகாது, ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று சொல்லிவைத்த புண்ணியவான் படகு மோட்டார் எதையும் திறந்து பார்த்ததில்லை. உள்ளே போட்டு அந்த வேகத்தில் சுற்றினால் எதுவும் எதோடும் ஒட்டும். என் தங்கையை அவள் புருஷனுக்குக் கட்டிக் கொடுத்ததும் ஏறக்குறைய அந்த நம்பிக்கையில்தான்.

"என்னண்ணே, மூஞ்சி சரியில்லையே?" என்றாள் தங்கை.

"என் மூஞ்சி பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்."

"அது தெரிஞ்ச விஷயம். நான் மோட்டாரைக் கேட்டேன்."

அவள் மோட்டாரைக் கேட்கவில்லை. மாப்பிள்ளை கல்யாணமான சூட்டோடு சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவர். எப்போதாவது வருவார், பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் கிளம்பிவிடுவார். ஒருமுறை வந்து நின்றபோது அவர் பெற்ற மகளே யாரோ என்று பயந்து என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் போதும் என்று திரும்பிவந்து, இந்த மோட்டாரை வாங்கிப் படகில் மாட்டி, இங்கேயே மீன் பிடிக்க ஆரம்பித்தார். தங்கை சத்தமாகச் சிரிக்கக்கூடியவள் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது. இப்போது மோட்டார் இருமுகிறது, கப்பல் ஏஜென்ட் போன் மேல் போன் போடுகிறான். "மோட்டார் சரியானா இருக்கேன், இல்லேன்னா கிளம்பத்தான் வேணும்" என்று சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிட்டாராம். அவள் என்னைக் கூப்பிட்டாள்.

தெருவில் எனக்கு டாக்டர் என்று பெயர். பட்டம் கொடுத்தவர்கள் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்கள். என் கையில் பிழைத்த மோட்டார்களும் உண்டு, பிழைக்காதவற்றிலிருந்து எடுத்த பாகங்களால்தான் பிழைத்தன. சொந்தக்காரர்களுக்கு ஆபரேஷன் செய்யக் கூடாது என்று நிஜ டாக்டர்களுக்கு ஏதோ வழக்கம் இருக்கிறதாம். அது எவ்வளவு பெரிய ஞானம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

முதலில் சின்ன வியாதியாக நினைத்துக்கொண்டேன். மோட்டாரைச் சூடாகும் முன்பே அணைத்து அணைத்து ஓட்டினால், உள்ளே வியர்த்து ஆயில் லேசாக வெளுக்கும். பழைய ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றி, வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த நீல டிரம்மில் மோட்டாரை மாட்டி நன்றாகச் சூடேறும்வரை ஓட்டினேன். குச்சியில் மறுபடியும் பால் டீ. சரி, உள்ளே தண்ணீரை ஆயில் பக்கம் விடாமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் கிழிந்திருக்கும், அதுவும் மாற்றிப் போடக்கூடியதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். அடுத்தவன் வீட்டுக் கேஸ்கெட் கிழிந்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்ளும் ஜன்மம் உலகத்தில் மெக்கானிக் மட்டும்தான். கேஸ்கெட் நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் இருந்தது. ஒரு கீறல் இல்லை.

பிறகு எஞ்சினைக் குளிர்விக்கக் கடல் தண்ணீர் ஓடும் வழியைப் பார்த்தேன். உள்ளே முழுக்க வெள்ளையாக உப்புப் பாறை. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டியபோது உப்போடு சேர்ந்து அலுமினியமும் ரொட்டித் துண்டுபோல உதிர்ந்தது. அந்த வழியில் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஆயில் பக்கம் டார்ச் அடித்துக் காத்திருந்தேன். சுவரில் ஒரு புள்ளி நனைந்தது. புள்ளி கனத்து, வழிந்து, ஆயிலுக்குள் இறங்கியது. பின்னாலேயே அடுத்தது. எஞ்சினின் உடம்பான பிளாக்கே அரித்துப்போய்விட்டது. இதற்கு மேல் வைத்தியம் இல்லை.

இத்தனை சீக்கிரம் ஒரு மோட்டார் இப்படி அரித்துப்போகாது. "கடல்லேர்ந்து வந்ததும் நல்ல தண்ணியில ஓட்டிக் கழுவுறீங்களா இல்லையா?" என்று கேட்டேன்.

தங்கைக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒரு நாள் விட்டதில்லண்ணே. அவர் வர்றதுக்கு முன்னாடியே டிரம்ல தண்ணி ரெடியா இருக்கும். முக்குக் குழாய்லேர்ந்து யாரு தூக்கியார்றது? உன் பொண்டாட்டியா?"

"டிரம் தண்ணிய எப்ப மாத்துவே?"

"எதுக்கு மாத்தணும்? குறையக் குறைய ஊத்திடுவேன். தூசி விழாம மூடி போட்டு வச்சிருக்கேன். வேணும்னா பாரு, கண்ணாடி மாதிரி இருக்கும்."

உண்மைதான், கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். கடல் தேவலை. ஒவ்வொரு நாளும் மோட்டார் தன் வயிற்றில் இருந்த உப்பை அதில் கழுவிவிட்டிருக்கிறது. மோட்டாரின் சூடும் மூடி திறந்த நேரத்து வெயிலும் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவைத்திருக்கின்றன. இவள் குடம் குடமாகச் சுமந்து, சொட்டு வீணாக்காமல், அந்த உப்பைப் பத்திரமாக மூடி வைத்திருக்கிறாள். கழுவக் கழுவ மோட்டார் செத்திருக்கிறது. சோம்பேறி வீட்டு மோட்டார்கூட இன்னும் நாலு சீசன் ஓடியிருக்கும்.

"எப்படி?" என்றாள். முகத்தில் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவளின் களை.

"பாயசம் வைக்கலாம்" என்றேன். எனக்கு வாயில் வந்தது அதுதான். அவள் சிரித்துவிட்டு டீ போட உள்ளே போனாள்.

மாப்பிள்ளை பக்கவாட்டுச் சந்து வழியாக வந்தார். பிளாக்கைப் பார்த்தார், பிறகு டிரம்மின் மூடி திறந்திருப்பதையும் என் ஈர விரலையும் பார்த்தார். நான் எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தை தேடினேன். ஜோக் எதுவும் அகப்படவில்லை.

"உப்புதானே மச்சான்?" என்றார் அவரே.

"உங்களுக்குத் தெரியுமா?"

"மழைக்கு முன்னாடியே தெரியும். மூஞ்சி கழுவினேன், வாயில பட்டுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே மாப்ள. அன்னைக்கே தண்ணிய மாத்தியிருந்தா இது பொழச்சிருக்குமே."

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அவ குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு வந்துட்டிருந்தா. ஏதோ பாட்டு வேற."

"சரி, மறுநாள்?"

அவர் குனிந்து கேஸ்கெட்டை எடுத்து, அதன் ஓட்டைகள் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார். மறுநாள் அதே டிரம்மில் மோட்டாரை மாட்டியிருக்கிறார். அதற்கு மறுநாளும். அவள் மனம் நோகக் கூடாது என்றா, இல்லை மோட்டார் தானாக ஒரு நாள் நின்றுபோகட்டும் என்றா? அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

"ஏஜென்ட்டுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"வர்றேன்னு நேத்தே சொல்லிட்டேன் மச்சான்."

நேற்று நான் வந்திருக்கவேயில்லை. ஒரு போல்ட்டைக்கூடத் திருகியிருக்கவில்லை. கேஸ்கெட் கிழிந்திருக்க வேண்டும் என்று இன்று நான் வேண்டிக்கொண்டதெல்லாம் யாருக்காக?

சமையலறையில் டம்ளர் சத்தம் நின்றது. மாப்பிள்ளை சட்டென்று கேஸ்கெட்டை பிளாக்கின் மேல் வைத்தார். ஓட்டைகள் பொருந்தும்படி ஓரத்தைச் சரிசெய்தார். ஹெட்டைத் தூக்கி அதன்மேல் உட்கார வைத்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் முதல் போல்ட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். நடுவில் முதல் போல்ட், பிறகு எதிர்ப்பக்கம், பிறகு குறுக்கே. செத்த எஞ்சினுக்கு இந்த வரிசையெல்லாம் தேவையில்லை. கை கேட்கவில்லை.

தங்கை இரண்டு டம்ளர்களோடு வந்து நின்றாள். மூடியிருந்த எஞ்சினைப் பார்த்ததும் அவள் தோள்கள் இறங்கின. நெடுநேரமாக எதையோ சுமந்துகொண்டிருந்தவள் இறக்கி வைத்ததுபோல.

"அவ்வளவுதானா? இதுக்குத்தான் அந்த மூஞ்சியா?" என்றாள். "நல்லா இறுக்குண்ணே. திரும்பத் தண்ணி போயிடப் போவுது."

ஸ்பேனரில் முழு பலத்தையும் போட்டேன். எஞ்சின் சாயாமல் இருக்க மாப்பிள்ளை எதிர்ப்பக்கத்திலிருந்து அதை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். கன்னம் ஹெட்டில் அழுந்தியிருந்தது, கண்கள் மூடியிருந்தன. ஒவ்வொரு இறுக்கலுக்கும் அவர் உடம்பு முழுவதும் ஒருமுறை அதிர்ந்தது.