வெள்ளைப் பட்டின் மேல் ஒரு படலம்

மனித குலத்தின் நெடும்பயணத்தில் புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு புதிய யுகம் பிறக்கும் என்று ஆய்வுக்கூட இயக்குநர் சுற்றறிக்கை விட்டிருந்தார். யுகம் பிறக்கும் நேரத்தில் யாரும் லிஃப்டைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அடியில் ஒரு வரி இருந்தது.

யுகத்தைப் பெற்றெடுத்தவள் மாடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாக ஒப்பந்த ஊழியர், எல்லாருக்கும் பஞ்சக்கா. பஞ்சை அமிலத்தில் வேகவைத்து, கழுவிக் கழுவி, கண்ணுக்கே தெரியாத குச்சிகளாக்குவது அவள் வேலை. அந்தக் குச்சிகள் மிதக்கும் தண்ணீரைத் தட்டில் ஊற்றி மூன்று நாள் அசைக்காமல் வற்றவிட்டால், அவை தாமாகவே சுழற்படிக்கட்டு போல அடுக்கடுக்காகத் திரும்பி நின்று, மெல்லிய படலமாகக் காய்ந்துவிடும். அந்த அடுக்குகள் எந்த ஒளியைத் திருப்பி அனுப்புகின்றனவோ, அதுதான் படலத்தின் நிறம். சாயம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. இந்தத் தடவை அருமையான பச்சை வந்திருந்தது.

வெள்ளிக்கிழமையோடு ஒப்பந்தம் முடிகிறது. அது போனால் மருத்துவ அட்டையும் போகும். அட்டை போனால், வாரம் மூன்று முறை ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்திலிருந்து அப்பாவைக் கழற்றிவிடுவார்கள்.

“இன்னைக்கு நல்லா நடக்கட்டும்மா, நீட்டிச்சிடலாம்” என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

கீழே இறங்கி விழாக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். படலத்தை வெள்ளைப் பட்டுத்துணியில் வைத்திருந்தார்கள். பின்னால் கறுப்பு இருந்தால்தான் நிறம் எடுக்கும். வெள்ளையில் அது பிஸ்கட் சுற்றிவரும் வெறும் கண்ணாடித்தாள்.

“சார், அடியில கறுப்புத்தாள் வைக்கணும். நேத்தே எழுதிக் குடுத்தேனே.”

“கறுப்பா? இது என்ன துக்க வீடா? போய் வாசல்ல நில்லும்மா. அந்த லேப் கோட்டைக் கழட்டிட்டு நில்லு, ஒரே கறை” என்றார் இயக்குநர்.

சிறப்பு விருந்தினர் வந்தார். இயற்கையின் பேரொழுங்கு குறித்து இயக்குநர் நாற்பது நிமிடம் முழங்கினார். விருந்தினர் குனிந்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

“எங்கய்யா கலரு?”

“அது உள்ளார்ந்த நிறம், ஐயா.”

“உள்ளயே இருந்தா நான் எப்படிய்யா பாக்குறது?”

வாயைத் திறந்தாலும் வேலை போகும், மூடிக்கொண்டாலும் போகும் என்று பஞ்சக்காவுக்குத் தோன்றியது. விறுவிறுவென்று உள்ளே போய், இயக்குநரின் கையிலிருந்த கறுப்புத்தோல் ஃபைலைப் பிடுங்கிப் படலத்துக்கு அடியில் செருகினாள். பச்சை பற்றிக்கொண்டது. லேசாகச் சாய்த்தாள், நீலமாக நழுவியது.

“அடேயப்பா! யாரும்மா நீ?”

“நம்ம பொண்ணுதான் ஐயா” என்று முந்திக்கொண்டார் இயக்குநர். “கறுப்பு நம்ம யோசனை.”

கைதட்டல் ஓயவே நேரமாயிற்று.

மறுநாள் கடிதம் வந்தது. திட்டம் மகத்தான வெற்றியுடன் நிறைவுற்றதால் அதற்கான தற்காலிகப் பணியிடம் இனித் தேவைப்படவில்லையாம். கீழே வாழ்த்துகள் வேறு. அதை எடுத்துக்கொண்டு நேரே இயக்குநர் அறைக்குப் போனாள்.

“சார், தோத்திருந்தா?”

“தோத்திருந்தா இன்னும் ஒரு வருஷம் கேட்டு வாங்கியிருப்பேனேம்மா” என்றார் அவர், உண்மையான வருத்தத்துடன்.

சனிக்கிழமை அப்பாவின் முறை. இயந்திரத்தில் வேறொருவர் படுத்திருந்தார்.