எச்சில் தொட்ட தட்டுகள்

அக்காவின் கணவர் விரலை நக்கும்போதெல்லாம் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். காகிதம் புரட்ட நக்குவார், பை பிரிக்க நக்குவார், அது தொலையட்டும். சிடி அடுக்கும்போதும் ஆள்காட்டி விரலை நாக்கில் ஒரு இழு இழுத்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து வைப்பார். அதுவும் கிரீம் பன் தின்ற விரல்.

நீதிமன்றத்தில் சாட்சிகள் பேசிய பன்னிரண்டாயிரம் சிடிகள். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டு, தட்டுகளை அரைத்துத் தூளாக்க அனுப்ப வேண்டும். அத்தான் எடுத்த ஒப்பந்தம் அது. இதற்காக மூன்று ரோபோக்கள். அத்தான் கட்டுக் கட்டாக அடுக்கித் தரும் சிடிகளில், உறிஞ்சும் கையால் மேல் தட்டைத் தூக்கி டிரைவில் வைக்கும். படித்து முடித்ததும் மறுபக்கம் போடும். எத்தனையாவது முறை தூக்குகிறதோ, அந்தக் கட்டின் பட்டியலில் அத்தனையாவது சாட்சியின் பெயர் அந்தக் கோப்புக்கு விழும். ரோபோக்களைப் பார்த்துக்கொள்வதும், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதும் அவள் வேலை.

"அக்கா, உன் வீட்டுக்காரர்கிட்ட கொஞ்சம் சொல்லேன், பார்க்கச் சகிக்கல."

"அவர் சுபாவம்டி அது. கண்டுக்காத."

அவளும் கண்டுகொள்ளவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கையுறை மாட்டிக்கொண்டாள், வாயை மட்டும் திறக்கவில்லை.

தட்டுகளை அரைக்க ஏற்றிப்போகும் லாரி வந்து வாசலில் நின்ற காலையில், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கோப்பைத் திறந்து கேட்டாள். பெயர் ஒரு கிழவருடையது. பேசியது ஒரு பெண். புருஷன் தன்னை எதால் அடித்தான் என்று திக்கித் திக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் பெயரில் இருந்த கோப்பைத் திறந்தால், எவனோ ஒருவன் திருட்டுப்போன சைக்கிளைப் பற்றிப் பேசுகிறான். அதற்கடுத்ததும் அப்படியே. ஒவ்வொருவர் வாயிலும் அடுத்தவர் பேச்சு. அந்தக் கட்டின் கடைசிக் கோப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அவள் ஓடிப்போய் அந்தக் கட்டின் பெட்டியைப் பிரித்தாள். கிழவரின் தட்டும் பெண்ணின் தட்டும் ஒன்றாக ஒட்டியிருந்தன. நகத்தை விட்டுப் பிரித்தபோது நடுவில் பிசுபிசுவென்று சர்க்கரைக் கறை, அதில் அச்சுப் பிசகாமல் ஒரு கைரேகை. ரோபோ இரண்டையும் ஒன்றென்று தூக்கியிருக்கிறது; அடியில் இருந்த பெண்ணின் தட்டை மட்டும் டிரைவ் படித்திருக்கிறது. இரண்டையும் கொண்டுபோய் அத்தானிடம் நீட்டினாள்.

"அதுவா? ஒவ்வொரு கட்டுலயும் கடைசில ஒண்ணு ரெண்டு குறைஞ்சுது" என்றார் அத்தான், வெகு சாதாரணமாக. "காலி சிடி போட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டிட்டேன்."

"எல்லாக் கட்டுலயுமா? தெரிஞ்சேவா செஞ்சீங்க?"

"இதையெல்லாம் எவன்மா உக்காந்து கேக்கப் போறான்?"

"அடிபட்டவ கேப்பா அத்தான். அவ கேஸ்ல சைக்கிள் கதை ஓடும்."

"பெருசா பேசாத. லாரிக்காரன் காத்துக்கிட்டிருக்கான், உன் கையெழுத்து இல்லாம வண்டியை எடுக்க மாட்டானாம்." மேசையிலிருந்த தாள்களை இழுத்தார். விரல் நாக்குக்குப் போனது. ஈரத்தைத் தொட்டு ஒரு பக்கத்தைப் புரட்டி அவள் முன் நீட்டினார். "இங்க போடு. நீயும் தினம் பார்த்துக்கிட்டுத்தானே இருந்த?"

சுரீர் என்றது. ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் மேல் வந்த அருவருப்பு முழுவதும் அப்படியே தன் பக்கம் திரும்புவதை உணர்ந்தாள்.

கையுறையைக் கழற்றினாள். தாளின் ஈரமான மூலையை, இத்தனை நாள் தொடக் கூசிய அந்த இடத்தையே, வெறும் விரல்களால் பிடித்தாள். அங்கிருந்தே கிழித்தாள்.