நான்காம் பக்கத்தில் கிராணி வீடு

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை காலை என் வெப்சைட் காணாமல் போனது. அழிந்துவிடவில்லை, இருந்தது. இணையத்தில் தேடினால் நான்காம் பக்கத்தில், ஸ்ட்ராபெரி ஜாம் விற்கும் ஒரு கடைக்கும் ஈப்போவில் இருக்கும் ஏதோ ஒரு ஹோட்டலுக்கும் நடுவில் வந்தது. நான்காம் பக்கத்துக்கு யார் போகிறார்கள்? என்னைத் தேடிக்கொண்டு நானே அன்றைக்குத்தான் முதல்முறையாகப் போனேன்.

என் பெயர் வெரோனிகா. தோட்டத்துப் பழைய கிராணி வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, அதன் நான்கு அறைகளில் சுற்றுலா வருகிறவர்களைத் தங்க வைக்கிறேன். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. என் அம்மா கொழுந்து பறித்த காலத்தில் அந்த வீட்டுப் படியில் கூட எங்கள் ஆட்கள் உட்கார முடியாது. இப்போது சாவிக்கொத்து என் கையில். வெப்சைட்டுக்கும் ‘கிராணி வீடு’ என்றே பெயர் வைத்தேன், யாருக்கு எரிந்தால் எரியட்டும் என்று.

மூன்று வருடமாக, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் தங்க இடம் என்று யார் தேடினாலும் முதல் பக்கத்தில் நான் இருந்தேன். இப்போது அந்த இடத்தில் பிரிஞ்சாங் டவுனில் இருக்கும் ஒரு ஆறு மாடி ஹோட்டல். அதன் ஜன்னலைத் திறந்தால் பஸ் நிறுத்துகிற இடம்தான் தெரியும். அங்கே தேயிலை என்று இருப்பது ரூமில் தண்ணீர் சுட வைக்கும் கெத்தல் பக்கத்தில் வைக்கிற இரண்டு டீ பேக் மட்டும். வயிறு எரிந்தது எனக்கு.

வெறும் ரோஷம் என்றால் இரண்டு நாள் கத்திவிட்டு விட்டிருப்பேன். விஷயம் என் வீட்டுக்காரரைப் பற்றியது. பிரெட்ரிக் திரிங்காப்பிலிருந்து சிங்கப்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டியவர். முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு போவார், திரும்பி வந்து தூங்குவார், எழுந்தால் அடுத்த லோடு. நெடுஞ்சாலையில் ஒருமுறை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணசந்துவிட்டதை ஒரு வருடம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். அன்றைக்கே லோரியை விட வைத்துவிட்டேன். இந்த நான்கு அறைகள் அதற்காக ஆரம்பித்தவை. ஆட்கள் வந்தால் காலையில் அவர்களைத் தேயிலைக்குள் நடக்கக் கூட்டிப் போவது அவர் வேலை.

டிசம்பர் விடுமுறைதான் எங்களை வருடம் முழுக்கத் தாங்கும். அக்டோபர் பாதிக்குள் எல்லா வருடமும் டிசம்பர் நிரம்பிவிடும். இந்த முறை ஒரு போன் கூட வரவில்லை. ஆனால் கோலா தெர்லாவிலிருந்து லோரி முதலாளி, எங்கள் வாயில் தவுக்கே, அவர் போன் மட்டும் சரியாக வந்தது. பழைய லோரி சும்மா நிற்கிறதாம், நவம்பர் கடைசிக்குள் பதில் வேண்டுமாம்.

“பாக்கலாம் வெரோ. ரூம் நெறையலேன்னா ஒரு வருசம் ஓட்டிட்டு வந்துடுறேன்லா” என்றார் பிரெட்ரிக்.

“ஒரு வருசமா? ஏறுனா நீங்க எறங்க மாட்டீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?”

அவர் லோரி லைசென்ஸைப் புதுப்பித்து வைத்திருப்பதை நான் அலமாரியில் ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.

என் தம்பி ஜெஃப்ரி டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். வெப்சைட் அவன் செய்தது. கடையை மூடிவிட்டு வந்து உட்கார்ந்து, படங்களை மாற்றினான், தலைப்புகளை மாற்றினான், எழுத்தை மாற்றினான். ஒன்றும் நகரவில்லை. தேடலை நடத்துகிறவர்களுக்கு எழுதினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. திட்டி எழுதினேன். அதற்கும் நன்றி என்றார்கள். இதற்கிடையில் கோலாலம்பூரிலிருந்து ஒருவன் போன் செய்து, ஒரே வாரத்தில் முதலிடம் வாங்கித் தருவதாகச் சொன்னான். “மொதல்ல ஒன் கம்பெனி எந்தப் பக்கத்துல வருதுன்னு பாத்து சொல்லுப்பா” என்றேன். வைத்துவிட்டான்.

எனக்குப் பொறுக்கவே முடியாதது இதுதான். எங்கள் அப்பா காலத்தில் தோட்டத்து மேனேஜர் துரை எவ்வளவு பொல்லாதவராக இருந்தாலும் அவருக்கு ஓர் ஆபீஸ் இருந்தது. சம்பளப் பட்டியலில் பேர் விட்டுப்போனால் அதன் வாசலில் போய் நின்று கத்தலாம். துரை வெளியே வராவிட்டாலும் கிராணியாவது வந்து ஏன் விட்டுப்போனது என்று சொல்வார். இங்கே யார் வாசலில் போய் நிற்பது? என்ன தப்பு செய்தோம் என்று கூடச் சொல்லாமல் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு நன்றி சொல்கிறார்கள்.

“அக்கா, ரிவியூ எல்லாம் படிச்சியா?” என்று ஒருநாள் ஜெஃப்ரி கேட்டான். அவன் குரலே சரியில்லை.

செப்டம்பரில் ஸ்டார் எண்ணிக்கை ஏறியதைப் பார்த்து நான் பூரித்துப் போயிருந்தேன். தங்கிப் போனவர்கள்தான் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேனே தவிர, திறந்து படிக்கவில்லை. இப்போது படித்தேன். ‘வெரோனிகா கல்யாணத்தில் பிரியாணி நன்றாக இருந்தது. ஐந்து ஸ்டார்.’ ‘பிரெட்ரிக் சின்ன வயதில் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான், நல்ல பையன். ஐந்து ஸ்டார்.’ ‘ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக, சீக்கிரம் சொந்த வீடு கட்டவும்.’ இப்படியே அறுபதுக்கு மேல். எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாதா திருநாள் அன்று, கோயில் ஹாலில் சாப்பாடு நடந்துகொண்டிருந்த நேரம். போட்டவர்களில் ஒருவர் கூட கிராணி வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை.

“ஹால் வைஃபையில இருந்து எல்லாரும் ஒண்ணா போட்டிருக்காங்க. மெஷினுக்கு என்ன தெரியும்? நாம காசு குடுத்து பொய் ரிவியூ வாங்கினோம்னு நெனச்சிருக்கும். அடுத்த வாரத்துல இருந்துதான் நம்ம எடம் கொஞ்சம் கொஞ்சமா எறங்கியிருக்கு” என்றான் ஜெஃப்ரி.

“யாரு செஞ்ச வேலை இது?”

“ஒனக்குத் தெரியாதா?”

தெரியும். எங்கள் பக்கம் ஹாலில் அறுபது பேரை ஒரே வேலை செய்ய வைக்கக்கூடிய ஆள் ஒருத்தர்தான். பிரெட்ரிக்கின் அக்கா பிலோமி.

பிலோமி அண்ணி கோலா தெர்லாவில் பூத்தோட்டத்தில் வேலை செய்கிறார். நான் போனபோது கொட்டகையில் நின்று செவ்வந்திக் கட்டுகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். போட்டவர்களே எடுத்துவிட்டால் சரியாகிவிடும், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன். அவர் கை நின்றுவிட்டது.

“எடுக்கச் சொல்றியா? மொய் எழுதுனவங்ககிட்ட போயி, ஒங்க மொய்ய எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லுவியா நீ?”

“இது மொய் இல்ல அண்ணி. தங்கிப் பாத்தவங்க சொல்றது.”

“தங்கச் சொன்னியா?”

அண்ணி பூக்கட்டைக் கீழே வைத்தார்.

“மூணு வருசம் ஆச்சு. என் தம்பி வீட்டுக்கு வந்தா குசினியில, அடுப்புப் பக்கத்துல உக்கார வச்சி கோப்பி குடுப்ப. நாலு ரூம் இருக்கு. ஒரு நாளு, அண்ணி படுத்துட்டுப் போங்கன்னு சொல்லியிருப்பியா? வெளிநாட்டுக்காரன் படுக்கிற கட்டில்ல நாங்க படுத்தா ஒட்டிக்குமா? ஸ்டாரு போட்டா மட்டும் தப்பு!”

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. “ஒங்க ஸ்டாரால ஒங்க தம்பி மறுபடி லோரி ஏறப் போறாரு. அதாச்சும் தெரியுமா?” என்று கத்திவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அவரைத் திட்டினேன். திரிங்காப் வந்ததும் அவர் கேட்டது ஞாபகம் வந்தது. அறைகள் காலியாக இருந்த நாள்களில் கூட எனக்கு அது தோன்றியதே இல்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஹாலில் நானே எழுந்து நின்றேன். வெட்கப்பட்டால் வேலை நடக்காது. நடந்ததைச் சொன்னேன். அன்பாகத்தான் போட்டீர்கள், ஆனால் தங்காதவர்கள் போட்டால் பொய் என்று மெஷின் நினைக்கிறது, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்றேன். கல்யாணப் பிரியாணியைப் புகழ்ந்த பெரியவர், “எங்க ஸ்டார் ஒனக்கு வேணாமாம்மா?” என்று கேட்டார். அவர் முகம் எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பின் பெஞ்சிலிருந்து பிலோமி அண்ணி எழுந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. “போடச் சொன்னது நானு. எடுக்கறதும் நானே எடுக்கிறேன். போனக் குடுங்க எல்லாரும்” என்றார். பெஞ்சு பெஞ்சாகப் போய், ஒவ்வொருவர் தோளிலும் தட்டி, அழித்துக்கொண்டே வந்தார். ஜெஃப்ரி உதவிக்குப் போனான், விரட்டிவிட்டார். கடைசியாகத் தன்னுடையதை என் எதிரில் நின்று அழித்தார்.

“அண்ணி, சனிக்கெழம வந்து தங்குறீங்களா? குசினியில இல்ல. ரெண்டாம் நம்பர் ரூம்ல” என்றேன்.

“கூப்புட்ட மரியாதைக்கி வர்றேன்” என்றார்.

வந்தார். ஒரு பையில் சொந்தத் தலையணை உறை கொண்டுவந்திருந்தார். மற்ற விருந்தாளிகளுக்குச் செய்வதெல்லாம் செய்தேன். காலையில் பிரெட்ரிக் அவரைத் தேயிலைக்குள் கூட்டிப் போனார். போய்வர எப்போதும் ஆகிற நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆனது. திரும்பியவர் செருப்புச் சேற்றைக் கழுவினார், கோப்பி குடித்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். சாயங்காலம் ஜெஃப்ரி போன் செய்தான், “அக்கா, படி. கோவப்படாத.”

மூன்று ஸ்டார்.

‘ரெண்டாம் நம்பர் ரூமில் சுடுதண்ணி வர நேரமாகிறது. போர்வை மெலிசு. சம்பலில் உப்பு ஜாஸ்தி, செய்தவளிடமும் சொல்லிவிட்டேன்’ (என்னிடம் சொல்லவில்லை). ‘ஆனால் காலையில் நடந்தது நல்லா இருந்தது. பன்னிரண்டு வயசிலிருந்து இந்த மலையில் அம்மாவோடு கொழுந்து பறித்திருக்கிறேன். கூடை இல்லாமல், மணி அடிக்குமோ என்று பார்க்காமல், கங்காணி கத்தாமல் இங்கே நடந்தது இதுதான் முதல் தடவை. நம்ம ஆட்கள் யாரும் இப்படி நடந்திருக்க மாட்டோம். கையை வீசிக்கொண்டு நடந்தேன். அதற்காகவே திரும்ப வருவேன். போர்வை கொண்டுவருவேன்.’

போர்வையைப் பற்றிப் படிக்கும்போது பல்லைக் கடித்தேன். அடுத்த வரிகளைப் படித்துவிட்டு வெளியே போய் நின்றேன். என் அம்மாவும் கூடை இல்லாமல் அந்த மலையில் ஒரு நாள் கூட நடந்ததில்லை.

அண்ணி அதோடு விடவில்லை. தான் எழுதியதைத் தோட்டத்து உறவுக்காரர்கள் இருக்கிற வாட்ஸாப் குரூப்பில் போட்டார். தோட்டத்தை விட்டுப் போனவர்கள் மலேசியா முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் குரூப்பில் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை கிள்ளானிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

“அக்கா, அந்த மூணு ஸ்டார் போட்ட அம்மா நடந்தாங்களே, அந்த எடந்தானே? எங்கம்மாவுக்கு முட்டி வலி. மெதுவா கூட்டிட்டுப் போவாங்களா? வேலை செஞ்ச மலையில ஒரு தடவ சும்மா நடக்கணும்னு ஒரே அழுகை.”

“எவ்வளவு மெதுவா வேணும்னாலும்” என்றேன்.

பிறகு ஜொகூர், சிரம்பான், சுங்கை பட்டாணி. யாரும் எந்தப் பக்கத்திலும் என்னைத் தேடவில்லை; நம்பரை வாங்கி நேராகக் கூப்பிட்டார்கள். எல்லாரும் அம்மாவையோ பெரியம்மாவையோ கூட்டி வருகிறவர்கள். நவம்பர் முடிவதற்குள் டிசம்பர் நிரம்பி, ஜனவரியிலும் பாதி புக் ஆகிவிட்டது. பிரெட்ரிக் மலையில் வழியில் உட்காருவதற்கு நான்கு இடத்தில் பலகை போட அனுமதி வாங்கிவந்தார்.

தவுக்கே போன் செய்தபோது பிரெட்ரிக் ரெண்டாம் நம்பர் பாத்ரூமில் ஹீட்டரைக் கழற்றிப் போட்டிருந்தார். கையெல்லாம் ஈரம். “நீ எடுத்துச் சொல்லிடு” என்றார். நான் மாட்டேன் என்றேன். அதை அவர் வாயால் நான் கேட்க வேண்டும். போனை அவர் காதில் வைத்துப் பிடித்தேன்.

“இல்ல தவுக்கே. நான் வரல. வேற டிரைவர் பாத்துக்குங்க. ஆமாம், இனிமே வரல.”

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, நன்றாகவே அழுதேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி ஹீட்டர் பக்கம் திரும்பி, ஸ்பேனர் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்குத் தேடலில் நாங்கள் மூன்றாம் பக்கத்தில் இருந்தோம். இருந்துவிட்டுப் போகிறோம்.