மூன்றெழுத்து இல்லாத மேடம்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெட்டி தொலைந்ததால்தான் இந்தக் கதை. நான் ஓர் ஊரில் இறங்கினேன், அது வேறோர் ஊரில் இறங்கியது. மூன்று நாள் ஒரே சட்டையோடு திண்டாடிய பிறகு வீடு தேடி வந்து சேர்ந்தது. கைப்பிடியில் தொங்கிய சீட்டின் பின்பக்கம் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: "மன்னிச்சுக்குங்க. ரொம்ப நன்றி."

மன்னிப்பு சரி. நன்றி எதற்கு? தெரியாததால் நானே ஒரு கதை எழுதிப் பார்த்தேன்.

2

முதல் தொடக்கம்: 'விமான நிலையத்தின் கீழ்த்தளத்தில் பெட்டிகள் ஆறு போல ஓடிக்கொண்டிருந்த அந்த...' வேண்டாம். பெட்டி பெட்டி மாதிரிதான் ஓடும்.

இரண்டாவது: 'பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரிக்கும் கூடத்தில் எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு, அவளுக்கு மட்டும் இல்லை.'

இது தேவலை. அங்கே ஒரு வழக்கம். முதன்முதலில் எந்த ஊருக்குப் பெட்டியைத் தவறாக அனுப்புகிறீர்களோ, அந்த ஊர் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடுதான் அன்றிலிருந்து உங்கள் பெயர். சுவரில் ஒரு கரும்பலகை. அதில் எல்லோர் பெயரும் இருக்கும். மேற்பார்வையாளர், ஓ.ஆர்.டி. அண்ணன். அவருக்குப் பக்கத்தில் நிற்பவர், ஒய்.ஒய்.இசட். அக்கா.

(அவசரக்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஓ.ஆர்.டி. என்பது சிகாகோ. அந்த எழுத்துகளை ஊர்ப்பெயரில் தேடாதீர்கள். அந்த விமானத் தளத்துக்கு முன்பு பழத்தோட்டம் என்று பொருள்படும் பெயர் இருந்தது. பெயர் போய்விட்டது, குறியீடு மட்டும் வீட்டைக் காலி செய்யாத வாடகைக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஒய்.ஒய்.இசட். என்பது டொரொண்டோ. கனடாவில் பெரும்பாலான ஊர்களுக்குக் குறியீடு ஒய்யில்தான் தொடங்கும். ஏன் என்று அக்காவிடம் கேட்டால் ஒரு மணி நேரம் போய்விடும்.)

3

நம் ஆள் பதினோரு வருடமாக ஒரு பெட்டியைக்கூட மாற்றி அனுப்பியதில்லை. அதனால் வெறும் "மேடம்". நாளை முதல் அவளுக்கு மேல்மாடி அலுவலகத்தில் வேலை. இன்று நான்கு மணிக்கு வேலை முடிவதற்குள் பெயர் கிடைக்காவிட்டால் மேடமாகவே படியேற வேண்டியதுதான். அது அவளுக்கு வலித்தது. இதில் என்ன வலி என்று நானும் கேட்டேன். சொந்த வீட்டில் பதினோரு வருடம் விருந்தாளியாக இருந்து பாருங்கள், தெரியும்.

"வேணும்னே ஒண்ண மாத்தி விட்டுட்டுப் போங்க மேடம். நாங்க கண்டுக்க மாட்டோம்," என்றார் ஒய்.ஒய்.இசட். அக்கா.

"அதுல யாரோ ஒருத்தரோட மாத்துத் துணி இருக்கும் அக்கா. எனக்குப் பேரு வேணுங்கறதுக்காக அவங்க ஏன் திண்டாடணும்?"

"இவங்க திருந்த மாட்டாங்க," என்றார் அண்ணன்.

(இவ்வளவு நல்லவளா என்று எனக்கே சந்தேகம். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் மாட்டேன் என்றுவிட்டாள்.)

4

மூன்று ஐம்பதுக்கு என் பச்சைப் பெட்டி வந்தது.

முடிவு ஒன்று: அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள், பிறகு மெதுவாக... இல்லை. மேலே என்ன சொன்னாள் என்று படித்தீர்கள் அல்லவா?

முடிவு இரண்டு: அந்த நேரம் பார்த்து அண்ணன் வழியனுப்புப் பேச்சைத் தொடங்கினார். "நம்ம மேடம் இருந்த வரைக்கும்..." சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கை அது பாட்டுக்குப் பெட்டியை எடுத்து, வேறோர் ஊருக்குப் போகும் பக்கத்து வண்டியில் வைத்தது. வண்டி கிளம்பியது.

"ஐயோ, அந்தப் பச்சைப் பெட்டி," என்றாள்.

ஓடினாள். வண்டி போய்விட்டது. முகம் வெளுத்துத் திரும்பி வந்தவள் முதலில் தேடல் படிவத்தைத்தான் கேட்டாள். கூடமோ கைதட்டிக் கூத்தாடிக்கொண்டிருந்தது. அக்கா அவளைக் கட்டிக்கொண்டார். படிவத்தின்மேல் கண்ணீர் விட்டபடியே அவளும் சிரிக்க ஆரம்பித்தாள்.

5

இப்படித்தான் நடந்ததா? என்னிடம் இருப்பது ஒரு சீட்டு மட்டும். விமான நிறுவனம் 'புகார் உண்டா' என்று கேட்டது. பெயர் வைக்கும்போது என்னையும் கூப்பிட்டிருக்கலாம் என்று எழுதி அனுப்பினேன்.

என் பெட்டி எந்த ஊர் போனது என்பதை நான் சொல்லப் போவதில்லை. உங்களுக்குப் பிடித்த ஊரின் குறியீட்டை நீங்களே எழுதுங்கள்:

_ _ _

மணி மூன்று ஐம்பத்தொன்பது. அண்ணன் சாக்பீஸோடு பலகை முன்னால் நிற்கிறார். கொஞ்சம் சீக்கிரம்.