எலாடியோ காட்டிய கிளித் தீவு

எலாடியோவுக்குக் கண் மங்கிப் போச்சு என்பது, கப்பல் போகிற கால்வாய் ஏரிக்கரையில் இருக்கும் காம்போவா படகுத்துறையில் எல்லாருக்கும் தெரியும், எலாடியோவைத் தவிர. கிட்டத்தில் இருப்பதெல்லாம் அவனுக்குப் பளிச்சென்று தெரியும். ஆறடி தாண்டினால்தான் உலகம் தண்ணீரில் ஊறிய சோப்பு மாதிரி ஆகிவிடும். கேட்டால், "ஏரியில பனி ஜாஸ்தியாயிடுச்சு" என்பான். மண்டையைப் பிளக்கிற மத்தியான வெயிலிலும் அவனுக்கு அதே பனிதான்.

போன வாரம் மிதந்து வந்த ஒரு லாரி டயரை முதலை என்று சொல்லி, ஏரியைச் சுற்றிப் பார்க்க வந்த பன்னிரண்டு பேரை அரை மணி நேரம் மூச்சு விடாமல் உட்கார வைத்துவிட்டான். டயர் கண்ணைச் சிமிட்டியது என்று வேறு சொன்னான். அவர்களில் ஒரு வாத்தியார் இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். விஷயம் படகுக்காரர் சங்கத்துக்குப் போனது. சங்கத் தலைவி வேறு யாருமில்லை, எலாடியோ பெண்டாட்டியின் தங்கச்சி கிரிசெல்டாதான்.

"இங்க பாருங்க அத்தான்," என்றாள் கிரிசெல்டா. "கண்ணாடி போடுங்க, கண்ணாடி போடுங்கன்னு சொல்லிச் சொல்லி எங்க அக்காவுக்கு வாய் வலிச்சுப் போச்சு. நான் அக்கா மாதிரி கெஞ்சிக்கிட்டு இருக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை உங்க படகுல நானே வர்றேன். வழியில அஞ்சு பிராணியச் சரியாச் சொல்லுங்க. சொல்லிட்டா சுக்கான் உங்க கையிலயே இருக்கட்டும். இல்லேன்னா கரையில உக்காந்து டிக்கெட்டக் கிழிங்க."

"கண்ணாடி போட்ட வழிகாட்டிய எவன் நம்புவான்? பல்லு போன ஆளு பல் டாக்டர்னு வந்து நின்னா வாயத் திறப்பியா நீ?"

"ஆளை முழுங்குற டயர் இருக்குன்னு சொன்னா மட்டும் நம்புவாங்களா?"

எலாடியோ படகுக்குத் திரும்பிப் போய்ச் சுக்கானைத் தடவிப் பார்த்தான். கரையில் அவன் யார்? தொப்பை வைத்த ஐம்பத்தாறு வயசு ஆசாமி, சந்தையில் பூசணிக்காய் வாங்கப் போனால்கூட ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சுக்கானைப் பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, "இதோ, வலது பக்கம்" என்று கையை நீட்டினால்தான் அவன் எலாடியோ. அவன் கை போன பக்கம் ஜனங்கள் தலையைத் திருப்பித்தான் இருபத்திரண்டு வருஷம் ஓடியிருக்கிறது. டிக்கெட் கிழிப்பதைவிட ஏரியில் விழுந்துவிடலாம் என்று நினைத்தான்.

ஆகவே நிக்கானோரைப் பிடித்தான். நிக்கானோர் அதே படகில் முன்னால் உட்கார்ந்து கயிறு போடுகிறவன். நாலு வருஷமாகக் கூட ஓடுகிறவன். வெகுளி. யார் எது சொன்னாலும் தலையாட்டுவான்.

"ஒரு தடவ இருமினா முதலை. ரெண்டு தடவைன்னா குரங்கு. மூணு தடவைன்னா சோம்பேறி," என்றான் எலாடியோ. மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வாரக்கணக்கில் தூங்குமே அந்தப் பிராணி, அதற்கு அந்த ஊரில் பெயரே சோம்பேறிதான்.

"பறவைக்கு, அண்ணே?"

"பறவை வேணாம். உன் நெஞ்சு தாங்காது."

ஞாயிற்றுக்கிழமை காலை, ராத்திரி முழுக்கப் பெய்த மழையில் ஏரி ஆவி பறக்கக் கிடந்தது. அன்றைக்கு நிஜமாகவே பனி. சித்ரே ஊர் மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து ஒன்பது அம்மாமார்கள் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு வரிசையாக ஏறினார்கள். அவர்களுக்குத் தலைவி பெனிக்னா என்கிற பெரியம்மா. எழுபதைத் தாண்டியவள், நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். கிரிசெல்டா நடுவில் உட்கார்ந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆரம்பம் அமர்க்களமாகத்தான் இருந்தது. துறையை விட்டு ஐந்து நிமிஷம் போனதும் நிக்கானோர் ஒரு தடவை இருமினான். "இடது பக்கம் கரையோரமா முதலை," என்றான் எலாடியோ, திரும்பிக்கூடப் பார்க்காமல். அம்மாமார்கள் எல்லாரும் இடது பக்கம் சாய்ந்தார்கள், படகும் சாய்ந்தது. நிஜமாகவே முதலைதான். கிரிசெல்டா உதட்டைக் கடித்துக்கொண்டு காகிதத்தில் ஒரு கோடு போட்டாள்.

அடுத்து ரெண்டு இருமல், குரங்கு. அப்புறம் மூணு இருமல், உச்சிக்கிளையில் சோம்பேறி. மூன்றும் சரி. எலாடியோவுக்கு வாயெல்லாம் பல். "மச்சினிச்சி, பென்சில் தேஞ்சுடப் போவுது, பாத்து," என்று வேறு கிண்டல் பண்ணினான்.

கிரிசெல்டா அவனைப் பார்க்கவில்லை. நிக்கானோரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். மரவள்ளி மாவுக்குள்ளே கறியை வைத்துப் பொரித்த கரிமன்யோலா, இன்னும் சூடு ஆறவில்லை. மணம் படகு முழுக்கப் பரவியது.

"என்ன நிக்கானோர், காலையிலேர்ந்து இருமுறியே. வெறும் வயித்துல வந்தியா? இந்தா, சாப்பிடு."

"வேணாங்க்கா."

"நான் குடுத்தா வேணாமா?"

சங்கத் தலைவி கையால் கொடுக்கிறாள், எப்படி வேண்டாம் என்பது? நிக்கானோர் வாங்கி, முழுசாக ஒன்றை வாய்க்குள் தள்ளினான். அத்தான் இவனைத்தான் பிடிப்பார் என்று தெரிந்து, வீட்டிலேயே உள்ளே மிளகாயை அரைத்துத் திணித்து எடுத்து வந்திருந்தாள், பாவி. முதலில் அவனுக்குக் கண் சிவந்தது. அப்புறம் காது. அப்புறம் இருமல் கிளம்பியது பாருங்கள், ஒன்று, ரெண்டு, மூணு என்று நிற்காமல் ஒன்பது இருமல்.

எலாடியோ விரல் விட்டு எண்ணினான். ஒன்பதுக்கு என்ன பிராணி? அவன் மூளை அவசரமாகப் பிரித்துப் போட்டுக் கணக்குப் பார்த்தது.

"ஆகா," என்று ஆரம்பித்தான், எதிரே மங்கலாக நின்ற எதையோ காட்டி. "பாருங்க, பாருங்க. ஒரு முதலை. அதுக்கு மேல ஒரு குரங்கு. அதுக்கும் மேல ஒரு சோம்பேறி. பக்கத்துல இன்னொரு முதலை. பின்னாடி ஒரு குரங்கு."

அம்மாமார்கள் பார்த்தார்கள். கப்பல்களுக்கு வழி காட்டும் சிவப்பு மிதவை ஒன்று தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் தலையில் ஒரு நீர்க்காகம் உட்கார்ந்து இறக்கையைக் காய வைத்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் ஒரே எடத்துலயா?" என்றாள் கிரிசெல்டா.

"மழைக்காலம். ஒத்துமையா இருக்கும்."

"முதலை மரத்துல ஏறுமா, தம்பி?" என்று பெனிக்னா கேட்டாள்.

"வெள்ளம் வந்தா நீங்க ஏற மாட்டீங்களா, பெரியம்மா?"

பெனிக்னா தன் உடம்பை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, "மாட்டேன்" என்றாள். கிரிசெல்டா கோடு போடவில்லை. மூன்றிலேயே நின்றது கணக்கு. நிக்கானோர் படகுக்கு வெளியே தலையை நீட்டி ஏரித் தண்ணீரால் நாக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். இனி அவனை நம்பிப் பிரயோஜனமில்லை.

ஆனால் கண்ணே தேவைப்படாத ஒரு இடம் எலாடியோவுக்குத் தெரியும். சிவப்பு மிதவைகளைத் தாண்டினால், கப்பல் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு தீவு. கால்வாய்க்காக அணை கட்டி ஏரி வருவதற்கு முன் மலையுச்சியாக இருந்த இடம். இருநூறு எண்ணுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே எந்நேரமும் ஏதாவது பறவை கத்திக்கொண்டிருக்கும், கரையோரம் குரங்கு இறங்கும். பாக்கி ரெண்டும் அங்கேயே கிடைத்துவிடும். சுக்கானைத் திருப்பி, மனசுக்குள் எண்ண ஆரம்பித்தான். நூற்றுப் பதினஞ்சில் கிரிசெல்டா, "எங்க போறோம் அத்தான்?" என்று கேட்டாள். எண்ணிக்கை போச்சு. நூற்றைம்பது என்று குத்துமதிப்பாக வைத்துக்கொண்டு மேலே போனான்.

பனிக்குள்ளிருந்து தீவு எழுந்து வந்தது. பச்சைப் பசேலென்று, செங்குத்தாக, அவன் நினைத்ததைவிடக் கொஞ்சம் உயரமாகவே. இஞ்சினை நிறுத்தினான். படகு சத்தமில்லாமல் கிட்டே நழுவியது.

"யாரும் பேசாதீங்க," என்றான் மெல்லிய குரலில். "இதுதான் நம்ம தீவு. மனுஷ வாடை படாத காடு."

அம்மாமார்கள் வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிக்கானோர் கையால் என்னவோ சைகை காட்டினான். எலாடியோ கண்டுகொள்ளவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்துப் பலமாகச் சீட்டி அடித்தான். மேலேயிருந்து பதிலுக்கு ஒரு சீட்டி வந்தது.

அவனுக்குப் புல்லரித்துவிட்டது. உச்சியில் ஒரு நீளமான கிளை. அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தது. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஏழெட்டு, வரிசையாக.

"பஞ்சவர்ணக் கிளி," என்றான், குரல் தழுதழுக்க. "இந்த ஏரியில கிளி வந்து வருஷக்கணக்காச்சு. உங்க நல்ல நேரம். எழுதிக்கோ கிரிசெல்டா."

"கிளி கையாட்டுதே அத்தான்."

"இறக்கை."

"தொப்பி போட்டிருக்கே."

"கொண்டை. ஆண் கிளி."

அம்மாமார்களில் ஒருத்தி முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இயற்கையைப் பார்த்து அழுகிறாள், பாவம், என்று எலாடியோ நினைத்தான். அப்போது கிளிகளில் ஒன்று, கரகரவென்று, ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேசியது.

"படகு, தள்ளிப் போ. படகு, தள்ளிப் போ."

"பேசுது," என்று எலாடியோ நெஞ்சில் கை வைத்தான். "பேசுது பாருங்க. பழகின கிளி. எவனோ வளத்து விட்டிருக்கான்."

படகே சிரிப்பில் வெடித்தது. ஒன்பது பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கிரிசெல்டா கையிலிருந்த காகிதம் தண்ணீரில் விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. மேலே கிளிகளும் சிரித்தன. அதிலொன்று எதையோ கீழே எறிந்தது, அது வந்து எலாடியோ மடியில் விழுந்தது. ஒரு பிஸ்கட் பாக்கெட். கிட்டத்தில் இருப்பதால் அது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. உறையில் விலைகூடப் போட்டிருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரும்புச் சங்கிலி கடகடவென்று இழுபடும் சத்தம். அப்புறம் தலைக்கு மேல் சங்கு ஊதியது. எலாடியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தீவு மெல்ல நகர ஆரம்பித்தது.

நிக்கானோருக்கு இப்போதுதான் நாக்குத் திரும்பியிருந்தது. "அண்ணே, அது தீவு இல்லண்ணே. நங்கூரம் போட்டிருந்த கப்பல்."

"எப்பலேர்ந்துடா?"

"கட்டுனதுலேர்ந்து."

எலாடியோ இஞ்சினை உதைத்துக் கிளப்பிப் படகை வெகுதூரம் ஒதுக்கிக் கொண்டுபோய் நிறுத்தினான். சிரிப்பும் மெல்ல அடங்கியது. பெனிக்னா தன் கழுத்தில் மணிச் சங்கிலியில் தொங்கிய ரோஜா நிறக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள்.

"இதப் போட்டுப் பாருங்க, தம்பி. எனக்கும் தூரத்துலதான் தெரியாது."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். ஆனால் அவள் குரலில் கிண்டல் இல்லை. வாங்கி மாட்டினான்.

முதலில் கப்பல். பச்சைப் பெயின்ட், அதில் வழிந்த துரு, ஆரஞ்சு உடுப்பும் தொப்பியுமாகக் கம்பிமேல் சாய்ந்து நின்று இன்னும் கையாட்டுகிற மாலுமிகள். ஒருத்தனுடைய மீசைகூடத் தெரிந்தது. அப்புறம் கரை. மரம் என்று அவன் இத்தனை நாள் காட்டி வந்தது ஒரே பச்சைக் குழம்பு. இப்போது அதில் இலைகள் தனித்தனியாக ஆடின. இதையெல்லாம் பார்க்காமலா ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாக இருந்தது.

அப்புறம் பயணிகள் பக்கம் திரும்பினான். சுக்கானிலிருந்து படகின் முன்பக்கம் வரை அவன் ஒழுங்காகப் பார்த்தே ரொம்ப காலம் ஆகியிருந்தது. ஒன்பது பேரும் ஒரு கையால் பலகையை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். மற்ற கையில் ஒன்பது ஜெபமாலை.

"என்ன பெரியம்மா, எல்லாரும் ஜெபம் பண்றீங்களா?"

"துறையில படகு கிளம்பினதுலேர்ந்தே பண்றோம், தம்பி," என்றாள் பெனிக்னா. "மூணாவது சுத்து நடக்குது."

"ஏன்?"

பெனிக்னா சொல்லலாமா என்று யோசித்தாள். "கிளம்பும்போது எங்களை ஏத்தாம, பக்கத்துல இருந்த தூணைப் பாத்து, 'ஏறுங்கம்மா, பயப்படாதீங்க'ன்னு கை நீட்டினீங்களே."

எலாடியோ நிக்கானோரைப் பார்த்தான். நிக்கானோர் சட்டென்று இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"காட்டு."

நிக்கானோர் கையைக் காட்டினான். அதிலும் ஜெபமாலை. மர மணிகள் தேய்ந்து வழவழவென்று மின்னின.

"எவ்வளவு நாளாடா?"

"நாலு வருஷமா, அண்ணே."

கிரிசெல்டா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அத்தான், நான் இன்னும் தீர்ப்பே சொல்லல," என்றாள். அவள் குரலே இறங்கியிருந்தது.

"நீ என்னத்தச் சொல்றது," என்றான் எலாடியோ. சுக்கானை விட்டு எழுந்தான். "வாடா, நீ வந்து உக்காரு. நான் போய்க் கண்ணுக்கு என்ன வேணுமோ பாத்துக்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் நீ ஓட்டு."

நிக்கானோர் பின்னால் வந்து சுக்கானைப் பிடித்தான். எலாடியோ முன்பக்கம் போய்க் கயிற்றின் மேல் உட்கார்ந்தான். படகு துறையைப் பார்த்துத் திரும்பியது. அம்மாமார்கள் பலகையை விட்டுவிட்டு, ஜெபமாலைகளை ஒவ்வொன்றாகச் சுருட்டிக் கைப்பையில் போட்டு, பையை மூடிக்கொண்டார்கள். கண்ணாடி போட்டிருந்ததால் எலாடியோவுக்கு அது ஒன்றுவிடாமல் தெரிந்தது.