சோடாபுட்டியுடன் ஒரு நடனம்

எங்கள் வீட்டு வக்கீலுக்குப் பன்னிரண்டு வயது. என் அக்கா மகள். வாயால் அவளை ஜெயித்தவர் யாரும் இல்லை என்பதால் வைத்த பெயர். பல் டாக்டரிடமே, "இந்தப் பல்ல பிடுங்கணும்னு சொல்றீங்களே, இது என்ன தப்பு பண்ணிச்சு?" என்று கேட்டவள். வாய் அப்படி என்றால் கை நேர் எதிர். பிறந்ததிலிருந்தே அவள் கைகள் சொன்ன பேச்சைக் கேட்கும், ஆனால் நிதானமாக யோசித்துவிட்டுத்தான் கேட்கும். அவள் சட்டைப் பட்டன் போட ஆரம்பித்தால் நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்போம். உதவிக்குப் போனால் கத்துவாள்.

நான் பாட்டுக்காரி. மேடையில் பாடுகிறவள் இல்லை, கைக்குள் அடங்கும் வீடியோ கேம் டப்பாக்களுக்குப் பாட்டுப் போடுகிறவள். அந்த டப்பாவுக்குள் ஒலி எழுப்புகிற சில்லுக்கு, அதாவது சிப்புக்கு, மூன்றே குரல். மெட்டுக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டால் மிச்சம் ஒற்றைக் குரல்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு கூட்டமே சேர்ந்து வாசிப்பது போலக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. அந்த ஒற்றைக் குரலில் மூன்று சுரங்களைக் கண்மூடித் திறப்பதற்குள் மாற்றி மாற்றி ஒலிக்க விட்டால், மூன்றும் ஒன்றாகக் கேட்பதாகக் காது நம்பிவிடும். சுத்தமான ஏமாற்று வேலை. ஆனால் இத்தனை வருஷமாக எனக்குச் சோறு போடுவது அதுதான்.

இந்த முறை நாங்கள் செய்தது பெண் பிள்ளைகளுக்கான நடன விளையாட்டு. புதுப் பள்ளிக்கூடத்தில் சேரும் ஒரு பெண். ஆண்டு விழாவில் அவளோடு ஜோடி சேர்ந்து ஆட நான்கு பையன்கள். யாராவது ஒருவனோடு பேசிப் பழகி, ஐஸ்கிரீம் சாப்பிடப் போய், கடைசியில் ஆட வேண்டும். திரையில் அம்புக்குறிகள் இறங்கி வரும். அம்பு வட்டத்தைத் தொடும்போது சரியாகப் பட்டனை அழுத்தினால் கால் சரியாக விழும். சில அடிகள் தப்பினால் போதும், பையன் முகத்தைச் சுளித்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவான். பாடகன், பந்தாட்டக் கேப்டன், பணக்காரப் பையன் மூன்று பேரும் வசீகரன்கள். நான்காமவன் தடிக் கண்ணாடி போட்ட ஒருத்தன். ஆபீசில் எல்லோரும் அவனை சோடாபுட்டி என்றுதான் சொல்வோம். கண்ணாடிக்குப் பின்னால் அவனுக்குக் கண் இருக்கிறதா என்று வரைந்தவருக்கே சந்தேகம்.

எங்கள் மேடம் ஒரு நாள், "வீட்டுல பொண்ணுங்க இருந்தா குடுத்துப் பாருங்க, என்ன சொல்றாங்கன்னு கேளுங்க," என்று ஆளுக்கொரு டப்பாவைக் கொடுத்தார். நான் தயங்கினேன். எங்கள் வக்கீல் அதுவரை எந்த விளையாட்டையும் முடித்தது கிடையாது. எல்லாவற்றிலும் அவள் விரல் போய்ச் சேர்வதற்குள் காரியம் கைமீறிப் போயிருக்கும். ஆனால் டப்பாவை என் பையில் பார்த்துவிட்டாள். அப்புறம் அவளிடமிருந்து பிடுங்க முடியுமா?

முதல் ஆட்டத்தில் பாடகன் பாதியிலேயே கிளம்பிவிட்டான். "உனக்கு ஆடவே வராதா?" என்று திரையில் எழுத்து வந்தது.

"வராதுன்னு எதை வச்சு முடிவு பண்ணின? பாட்டு முடிஞ்சுதா? முடியறதுக்குள்ள தீர்ப்பு சொல்லலாமா?" என்று இவள் டப்பாவிடம் சண்டை போட்டாள். கேப்டனும் போனான். பணக்காரப் பையன் போகும்போது கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு போனான். அந்தப் படத்தை வரைந்தவரை அன்றைக்கு நான் கொன்றிருப்பேன்.

"ஓடிப்போன பயலுங்க," என்றாள் வக்கீல். ஆனால் குரல் கம்மிவிட்டது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். இதற்குத்தான் கொண்டுவந்தாயா என்று அர்த்தம். நான் சமையலறைக்கு நழுவிவிட்டேன்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து என் பாட்டு கேட்டது. சோடாபுட்டியின் பாட்டு. ஆனால் அது தவழ்ந்து வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பேட்டரி தீர்ந்து என் பாட்டைக் கொலை செய்கிறது என்று நினைத்து, கத்தியும் கையுமாகக் கூடத்துக்கு வந்தேன்.

வக்கீல் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது. அம்பு இறங்கி வட்டத்தின் மேல் வந்து நின்றது. நின்றே இருந்தது. அவள் விரல் யோசித்தது, கிளம்பியது, போய்ச் சேர்ந்தது. அம்பு மலர்ந்தது. சோடாபுட்டி ஒரு காலைத் தூக்கியபடி அதுவரை நின்றிருந்தவன், அவள் அழுத்தியதும் காலை மெல்லக் கீழே வைத்தான். பாட்டும் அவனோடு நின்று, அவனோடு இறங்கியது.

பாட்டைக் கேட்டேன். ஏமாற்று வேலைக்காக நான் வேகவேகமாகச் சுற்றவிட்ட சுரங்கள் இருக்கின்றனவே, அவை அந்த நிதானத்தில் பிரிந்துவிட்டன. ஒவ்வொன்றும் தனியாக, ஒன்றன்பின் ஒன்றாக, கூரையிலிருந்து மழைநீர் சொட்டுவது போல விழுந்தன. உள்ளே ஒரு மெட்டு ஒளிந்திருந்தது. அதைப் போட்டவள் நான். ஆனால் சத்தியமாக எனக்குத் தெரியாது. என் கையால் செய்த ஒன்று என்னைவிடப் பெரியதாக என் முன்னால் நிற்பதைப் பார்த்துக்கொண்டு, வெங்காயக் கத்தியோடு வாயைப் பிளந்து நின்றேன்.

பாட்டு முடிந்தது. திரை முழுக்க விளக்குகள். "கடைசி நடனத்துக்கும் நீ வருவாயா?" என்று சோடாபுட்டி கேட்டான்.

வக்கீல் நிமிர்ந்தாள். "சித்தி, கடைசி வரைக்கும் இருந்தான்."

அக்கா அழுதாள். கேட்டதற்கு வெங்காயம் என்றாள். வெங்காயம் சமையலறையில் இருந்தது.

மறுநாள் காலையில் நான் நேராக மௌனசாமியின் மேசைக்குப் போனேன். கேமுக்கு உயிர் கொடுக்கிற கணக்கெல்லாம், அதாவது ப்ரோகிராம், எழுதுகிறவர் அவர்தான். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். "அந்த சோடாபுட்டிய எப்படி சார் காத்திருக்க வச்சீங்க? கையெடுத்துக் கும்பிடணும் உங்கள!" என்றேன். நடந்ததை விவரமாகச் சொன்னேன்.

மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. "காத்திருக்கானா?" என்றார். விளையாட்டின் ஆரம்பத்தில் ஆடக் கற்றுக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. கற்றுக்கொள்கிறவள் பட்டனைக் கண்டுபிடிக்கும் வரை அதில் பாட்டு வேகம் குறைந்து, சுரம் சுரமாக நின்று நின்று வரும். சோடாபுட்டியை அவசரத்தில் செய்தபோது அந்தப் பாடத்தை அப்படியே எடுத்துப் போட்டவர், காத்திருக்கச் சொல்லும் பகுதியை எடுக்க மறந்துவிட்டார். மற்றவர்களிடம் பாட்டுக்கு ஏற்ப ஆள் ஆட வேண்டும். இவனிடம் ஆளுக்கு ஏற்பப் பாட்டு ஆடியது. தாளம் தப்பாதவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆபீசில் சோதித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் தாளம் தப்பாதவர்கள்.

"நல்லவேளை சொன்னீங்க. பெரிய தப்பு," என்றார். அவருக்கு அன்றைய ஒதுக்கீட்டுக்கு மேலேயே பேச்சு. நான் அடுத்து வாய் திறப்பதற்குள் சரிசெய்தும்விட்டார். வீடுகளுக்குக் கொடுத்த டப்பாக்களை எல்லாம் வாங்கி, திருத்திய கேம் பதிந்த புதுச் சில்லு போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பாராட்டப் போய் நானே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அன்று தெருவை இரண்டு முறை சுற்றினேன். உள்ளே போனதும் பையிலிருந்து டப்பாவை அவளே எடுத்துக்கொண்டாள். வாய் இருந்தும் நான் சொல்லவில்லை.

பாட்டு சரியான வேகத்தில் ஓடியது. சோடாபுட்டி திரும்பி நடந்தான்.

வக்கீல் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஐஸ்கிரீம் கடையில் வேறு பதில் சொல்லிப் பார்த்தாள். அவன் படித்த புத்தகத்தைப் பாராட்டிப் பார்த்தாள். மறுபடி ஆடினாள், மறுபடி போனான். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"சித்தி, அன்னிக்கு நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா? அவனுக்கு என் மேல கோபமா?"

மற்ற மூவரோடும் சண்டை போட்டவள் இவனோடு போடவில்லை. ஆதாரம் கேட்கவில்லை, தீர்ப்பை எதிர்க்கவில்லை. தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டாள்.

காலையில் மேடத்தின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தேன். "அந்தத் தப்ப திருப்பிக் குடுங்க மேடம்," என்றேன்.

மேடம் தேநீரைக் கீழே வைத்தார். "தோக்கவே முடியாத ஆட்டத்த எவ காசு குடுத்து வாங்குவா? வெள்ளிக்கிழமை தொழிற்சாலைக்குப் போகுது. இப்ப வந்து நிக்கறியே."

"தோக்க மூணு பேர் இருக்காங்களே, போதாதா?"

"எல்லாரும் சுலபமானவன்கிட்டயே போவாங்க."

"போகமாட்டாங்க. வேகமா ஆடறவங்களுக்கு அவனும் வேகமாத்தான் ஆடுவான். நீங்களே பாருங்க!"

என் குரல் வெளியே எல்லோருக்கும் கேட்டிருக்கும். மேடம் எழுந்து கதவைச் சாத்தினார். "சாயங்காலம் அந்தப் பொண்ண கூட்டிட்டு வா," என்றார்.

பள்ளிக்கூடம் விட்டதும் வக்கீல் சீருடையோடு வந்து கூட்ட அறையில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. மௌனசாமி மேசை இழுப்பறையிலிருந்து பழைய சில்லை எடுத்தார். அவர் எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. டப்பாவைப் பெரிய ஒலிபெருக்கியோடு இணைத்தார்.

முதலில் மேடம், மின்னலை ஆடச் சொன்னார். சோதனை பார்க்கும் பெண்களில் ஓர் அடிகூடத் தப்பாதவள் மின்னல். ஆடினாள். பாட்டு வழக்கம்போல ஓடியது. "இப்ப வேணும்னே லேட்டா அழுத்து," என்றார் மேடம். மின்னல் முயற்சி செய்தாள். முடியவில்லை. அம்பு வட்டத்தைத் தொட்டதும் அவள் விரல் தானாகப் பாய்ந்தது. "வரமாட்டேங்குது மேடம்," என்று தன் விரலைத் தானே முறைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு டப்பா வக்கீல் கைக்கு வந்தது. ஆட்டத்துக்கு முன்னால் சோடாபுட்டி சொல்லும் வசனம் திரையில் வந்தது: "பார்த்து ஆடு. பாட்டு யாருக்காகவும் நிற்காது."

மூலையில் நின்றிருந்த வசனக்காரி நெளிந்தாள். அதை எழுதியவள் அவள்தான்.

"வாயில ஒண்ணு சொல்லுவான், மனசுல வேற," என்று வக்கீல் அவளுக்கு ஆறுதல் சொன்னாள். ஆனால் பட்டன் மேல் விரலை வைக்கவில்லை. "கோபம் போயிருக்குமா சித்தி?"

"ஆடிப் பாரு."

முதல் அம்பு இறங்கியது. வட்டத்தின் மேல் நின்றது. அவள் விரல் தன் வழியில், தன் நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அவன் காலை இறக்கினான்.

பெரிய ஒலிபெருக்கியில் அந்தச் சொட்டுகள் அறை முழுக்க விழுந்தன. ஒரு சுரம் முடிந்து அடுத்தது வருமா என்று எல்லோரும் காத்திருந்தோம், அது வந்தது. நாங்கள் இத்தனை பேர், கணக்கும் படமும் பாட்டும் வசனமுமாக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த பொம்மை அவன். நாங்கள் யாரும் அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் ஒரு காலைத் தூக்கியபடி, அவள் வருகிற வரை, முகம் சுளிக்காமல் நின்றான். மேடத்தின் தேநீர் ஆறி ஏடு படிந்தது. மௌனசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி கழற்றித் துடைத்தார். இவ்வளவு அழகான ஒன்றை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. இனிமேல் பார்ப்பேனா என்றும் தெரியாது.

விளக்குகள் எரிந்தன. "கடைசி நடனத்துக்கும் நீ வருவாயா?"

"வராம? எனக்குத் தெரியும், நீ கோபக்காரன் இல்ல," என்றாள் வக்கீல். பிறகு சுற்றிலும் நிற்கிறவர்களைப் பார்த்தாள். "என்ன எல்லாரும் இப்படி பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவன் மட்டும் இப்படியே இருக்கட்டும். மத்த மூணு பேரும் திமிர் பிடிச்சு அலையட்டும்." கதவருகே போனவர் திரும்பினார். "அந்தக் கைக்குட்டைய மட்டும் எடுத்துடுங்க."

"மேடம், எனக்கு ஒரே ஒரு வரி மாத்தணும்," என்றாள் வசனக்காரி.

கடைக்கு வரும் முன்பே பெட்டி பிரிக்காத டப்பா ஒன்று வக்கீலுக்கு வந்தது. மேடமே கொடுத்தனுப்பினார். பெட்டியை அவளேதான் பிரித்தாள். நானும் அக்காவும் எதிரில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். சோடாபுட்டி வந்தான். வணங்கி, கையை நீட்டினான். மாற்றிய வரி திரையில் வந்தது: "அவசரமே இல்லை. பாட்டு எங்கேயும் போகாது."

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வக்கீல் அதைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"அப்பாடா," என்றாள். "இப்பத்தான் மனசுல இருக்கறத வாய விட்டுச் சொல்றான்."

பிறகு விரலைக் கிளப்பினாள்.